கடித்தால் உதிருமா?

அவரோடு கேம்பிங் போவதென்றால் மிக்சர் எடுத்துப் போகக் கூடாது. முறுக்கு கூடாது, காராசேவு கூடாது, பொரி கூடவே கூடாது. பிரெட், பிஸ்கட், பஃப்ஸ் மூன்றுக்கும் தடை. இட்லி வரலாம். சப்பாத்தி வரலாம். தயிர்சாதமும் வரலாம், ஆனால் மேஜைமேல் அவர் விரிக்கிற பழைய பெட்ஷீட்டின் மேல் வைத்துத்தான் சாப்பிட வேண்டும். எதைக் கொண்டுபோவது என்று சந்தேகம் வந்தால் அவருக்கு வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பலாம். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். பதில் எப்போதும் ஒரே கேள்விதான்: "கடிச்சா உதிருமா?"

சான்டா கிளாராவில் எங்கள் அபார்ட்மென்ட்டிலும் பக்கத்துத் தெருக்களிலுமாக நாங்கள் ஆறு தமிழ்க் குடும்பங்கள். மே மாதக் கடைசியில் திங்கட்கிழமையும் சேர்ந்து விடுமுறை வருமே, அந்த மூன்று நாளும் மலைமேல் ரெட்வுட் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது எங்கள் வழக்கம். ஏற்பாடெல்லாம் அவர்தான். ஆறு மாதம் முன்பே லேப்டாப் முன்னால் காத்திருந்து இடம் பிடிப்பார். பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் காரில் ஏற்றுவது மட்டும்தான் எங்கள் வேலை. அப்படி ஒரு வருடம் சேலத்து நண்பர் ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் சுட்டது என்று ஒரு டப்பா தட்டையோடு வந்து இறங்கினார்.

"அண்ணா, நான் கடிக்கவே மாட்டேன். முழுசா வாயில போட்டுக்குவேன். எங்க உதிரப் போகுது?"

"சரி, போட்டுக் காமிங்க."

நண்பர் போட்டார். தட்டை பெரிது, வாய் சிறிது. இரண்டு மெல்லு மென்றதும் புரையேறிவிட்டது. இருமிய இருமலில் மேஜை, தரை, என் மனைவியின் ஜாக்கெட் என்று எங்கே பார்த்தாலும் தட்டை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் நண்பருக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார். பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. டப்பாவை வாங்கித் தன் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை வீடு திரும்பியதும் அதை அப்படியே கொண்டுபோய் நண்பரின் மாமியாரிடம் கொடுத்து, ரொம்ப நன்றாக இருப்பதாகத் தட்டையையும் புகழ்ந்துவிட்டு வந்தார். ஒன்றைக்கூட அவர் தின்று பார்த்திருக்கவில்லை.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பருக்கை. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னோம், பிறகு நேரிலேயே சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, எப்போதும் பாக்கெட் நிறைய உள்ள ஒரு காக்கிக் கால்சட்டை. அந்தப் பாக்கெட்டுகளில் மற்றவர்கள் கீழே போட்ட சாமான்கள்தான் இருக்கும். சாக்லேட் காகிதம், சோடா மூடி, யாரோ குழந்தையின் தலையிலிருந்து விழுந்த கிளிப். ஆபீசில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். சனி ஞாயிறிலும் அந்த மனுஷனுக்கு அதை விட முடியவில்லை என்பாள் என் மனைவி.

உண்மையில் அவர் யாரிடமும் தப்புக் கண்டுபிடித்ததில்லை. எங்களுக்குத்தான் அப்படித் தோன்றும். குபெர்டினோவில் ஒரு பிறந்தநாள் விருந்து. பிள்ளைகள் பிரியாணியைத் தின்றதைவிட இறைத்ததுதான் அதிகம். பேச்சுக்கு நடுவே அவர் காணாமல் போய்விட்டார். பார்த்தால் மேஜைக்கு அடியில் இருக்கிறார். "எந்திரிங்களேன், அவங்க வீட்டு வேக்கூம் கிளீனர் எதுக்கு இருக்குது?" என்று அவர் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் கை நிறைய சோற்றோடு எழுந்து வந்து, அசடு வழியச் சிரித்தார். "பழகிருச்சு" என்றார்.

ஒரு வசந்த காலத்தில் குன்று முழுக்க ஆரஞ்சுப் பூ பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு எல்லோரும் கிளம்பிப் போனோம். பெண்களெல்லாம் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள், படம் எடுக்க. பூக்களுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்தால்தான் படம் நன்றாக வரும். ஏற்கனவே நூறு பேர் இறங்கி, ஆள் உட்கார்ந்த இடமெல்லாம் பூ நசுங்கி மொட்டை மொட்டையாகக் கிடந்தது. அவர் மட்டும் ஒற்றையடிப் பாதையை விட்டு ஓரடி நகரவில்லை. அங்கே நின்றே எல்லோருக்கும் படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். "நாம விருந்தாளி அண்ணா, பூவ மிதிச்சா கோவிச்சுக்குமா?" என்று நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "விருந்தாளின்னா யாராச்சும் கூப்பிட்டிருக்கணும். நம்மள இங்க யாருங்க கூப்பிட்டா?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவரிடம் எனக்கு அடிக்கடி எரிச்சல் வரும், அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கடற்கரையில் என் பையன் ஒரு வழுவழுப்பான கல்லைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அவனோடு மண்டிபோட்டு உட்கார்ந்து ஏதேதோ பேசி, அதைத் திரும்பப் போட வைத்தார். காரில் வரும்போது பையன், "ஹீ இஸ் சோ எக்ஸ்ட்ரா, டாட்" என்றான், ரொம்ப ஓவர் என்கிற அர்த்தத்தில். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மறுநாள் அவரிடமே கேட்டேன், ஒரு கல்லை எடுத்தால் கடல் குறைந்துவிடுமா என்று. "உங்க பையனோட நின்னுடும்னா கொறையாதுங்க" என்றார். சரிதான் என்று பட்டது. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

மிக்சர் தடைக்குக் காரணம் ஒரு பறவை. மர்லெட் என்று பெயர், உள்ளங்கைக்கு மேல் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பகலெல்லாம் கடலில் மீன் பிடிக்கும். முட்டையிட மட்டும் அந்த மலைக் காட்டுக்கு வரும். கூடெல்லாம் கட்டாது. பல நூறு வருடமான மரத்தின் உச்சியில், பாசி படர்ந்த தடித்த கிளையில், வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அதற்கு எமன் அண்டங்காக்கை. நாம் சிந்துகிற தீனிக்காக அவை கூடாரங்களைச் சுற்றிக் கூடும். தின்றுவிட்டு மரத்துக்குப் போகும். அங்கே முட்டை கண்ணில் பட்டால் அதுவும் தீனிதான். அதனால்தான் அந்தக் காட்டில் ஒரு துணுக்குகூடச் சிந்தாதீர்கள் என்று நுழைகிற இடத்திலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டை நாங்கள் எல்லோரும் படித்தோம். அதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட அவர் அப்படியே ஊற்ற மாட்டார். கிழிந்த வேட்டித் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய பருப்பையும் மிளகாயையும் ஒரு பையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வருவார். கிளம்புகிற அன்று காலை எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடக்க வைப்பார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்கள் நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டே நடப்போம். கடைசியில் அவர் தனியாக ஒரு முறை நடப்பார்.

அந்தக் காட்டில் அவர் வாலண்டியராகவும் இருந்தார். சம்பளமில்லாத வேலை. கோடை மாதங்களில் சில நாட்கள் இருட்டோடு எழுந்து, ஒரு புல்வெளியில் மல்லாந்து படுத்து, கடலிலிருந்து வருகிற அந்தப் பறவையின் குரலைக் கேட்டு, கேட்ட நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும். பார்க்கவெல்லாம் முடியாது. பனிமூட்டத்தில் தலைக்கு மேலே வேகமாகப் போய்விடும். குரல்தான். அவர் அதைச் செய்து காட்டுவார், "கீர், கீர்" என்று. நாங்கள் சிரிப்போம். அந்த வேலைக்கு எடுத்துக்கொள்ள அவரைச் சோதித்தார்களாம், பல பறவைகளின் குரலைப் போட்டுக் காட்டி இது எது, அது எது என்று. தேறியதை அவர் சொன்ன விதத்தில், கிரீன் கார்டு வந்தபோதுகூட அத்தனை சந்தோஷப்பட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு தடவ என்கூட வாங்க. நாலரைக்கு எழுப்பறேன். ஒரே ஒரு தடவ கேட்டுட்டீங்கன்னா அப்புறம் உங்களுக்கு மிக்சரே எறங்காது" என்பார் என்னிடம். அடுத்த வருடம் வருகிறேன் அண்ணா என்பேன். ஐந்து வருடம் அதையே சொன்னேன். ஸ்லீப்பிங் பேக்கின் கதகதப்பை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

அப்பா இறந்தபோது நான் ஈரோட்டுக்குப் போகவில்லை. விசா நீட்டிப்பு நிலுவையில் இருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்று உத்தரவாதம் தர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அண்ணன் போனைத் தூக்கிப் பிடிக்க, கொள்ளி வைத்ததை வீடியோவில் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை கட் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் பால்கனியில் சோறு வைத்தேன். சான்டா கிளாராவில் காக்கைக்குப் பஞ்சமே இல்லை, எதிர்மரத்தில் பத்து உட்கார்ந்திருக்கும். ஒன்றுகூட இறங்கி வரவில்லை. ஒரு முறை அணில் வந்து தின்றது. அணிலும் கணக்குதான் என்றாள் மனைவி. அண்ணனிடம் போனில் சொன்னபோது அவன் சாதாரணமாகச் சொன்னான்: "அப்பாவுக்கு உன்மேல கோவம் போகலடா." அவன் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மாதா மாதம் மொட்டை மாடியில் தாத்தாவுக்குச் சோறு வைத்துவிட்டு, தாமதமாக வரும் காக்கையை "வந்து தொலையேன், சோறு ஆறுது" என்று திட்டுகிற மனிதர் என் அப்பா. அவர் வராமல் இருப்பாரா?

முதல் வருடத் திதி அந்தக் கேம்பிங் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. இடம் முன்பே பிடித்தாகிவிட்டது, பையன் அடம் பிடித்தான், முறைப்படி செய்கிறதை அண்ணன் ஊரில் செய்கிறான். அதனால் போனோம். மனைவி விடிவதற்குள் எழுந்து சின்ன அடுப்பில் கொஞ்சம் சோறு வடித்து, எள்ளும் நெய்யும் விட்டுக் கொடுத்தாள். நான் கழிப்பறைக்குப் பின்னால் போனேன். அங்கே எப்போதோ வெட்டிய ஒரு பெரிய ரெட்வுட் மரத்தின் அடிக்கட்டை இருந்தது, மேஜை மாதிரி. மிக்சர் தடை எனக்கு ஞாபகம் இருந்தது. போர்டும் ஞாபகம் இருந்தது. அது எல்லாம் தின்பண்டத்துக்குத்தானே, இது சாமி காரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்து "கா" என்று ஒரு முறைதான் கூப்பிட்டேன். இரண்டாம் முறை கூப்பிடுமுன் அண்டங்காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. எத்தனை பெரிய காக்கை! என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் அவசரமே இல்லாமல் தின்றது. பாதி சோறு கட்டைமேல் இறைந்தது. கையைக் கூப்பிக்கொண்டு சத்தமாக அழுதேன். அது பறந்து போனதும் இலையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். இறைந்ததைப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். திதி ஒரு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை. ஆனால் நான் வைத்தேன். முதல் நாள் இரவு மிஞ்சிய வெறும் சோற்றை மனைவிக்குத் தெரியாமல் எடுத்துப் போய் அதே கட்டையில் வைத்தேன். அப்பா மறுபடியும் வருவாரா என்று பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை. இரண்டு அண்டங்காக்கை வந்தன, கூடவே நீலக் கொண்டைப் பறவைகள் மூன்று. திங்கட்கிழமை நான் போவதற்கு முன்பே நான்கு காக்கை காத்துக்கொண்டிருந்தன. அந்த இரண்டு விடியலிலும் அவருக்குப் புல்வெளியில் வேலை. யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியோடு போனேன், வந்தேன்.

திங்கட்கிழமை நாங்கள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ரேஞ்சர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. இத்தனை அண்டங்காக்கை இங்கே ஏன் கத்துகின்றன என்று பார்க்க வந்தாராம். எங்களை அந்த அடிக்கட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பத்திருபது பருக்கை வெள்ளை வெளேரென்று கிடந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்துப் பிரித்தார். அதில் உடைந்த முட்டை ஓடு ஒன்று. வெளிர் பச்சையில் கரும்புள்ளிகள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பழைய மரத்துக்கு அடியில் காலையில் கிடைத்ததாம். எந்தக் காக்கை, எந்தச் சோறு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இந்தச் சோறு யாருடையது என்று தெரிந்தாக வேண்டும் என்றார்.

"எங்க குரூப்ல சான்சே இல்ல. எங்ககிட்ட யாரு இருக்கார் தெரியுமா?" என்று சேலத்து நண்பர் பெருமையாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் புல்வெளியிலிருந்து வந்து சேர்ந்தார். முதுகெல்லாம் ஈரம், கையில் குறிப்பெழுதுகிற அட்டை. அவர் முதலில் டிஷ்யூவைப் பார்த்தார். பிறகு கட்டையைப் பார்த்தார். குனிந்து வெகுநேரம் அந்தப் பருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்னோட தப்புதான். புக்கிங் என் பேர்லதான் இருக்கு, எழுதிக்குங்க" என்றார் ரேஞ்சரிடம்.

"நீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. அவருக்கு இவரை நன்றாகத் தெரியும்.

"ஆமா."

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து 'நான்' என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது ரேஞ்சரின் நோட்டில் பேர் ஏறலாமா என்று அப்போது என் மனம் ஒரு சாக்குச் சொன்னது. காக்கைக்குச் சோறு வைத்தவனை யாரும் நாடு கடத்த மாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ரேஞ்சர் எழுதிக் கொடுத்த தாளை அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் அந்தக் கட்டை முன்னால் மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். ஒருவரும் உதவவில்லை. நானும்தான்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாட்ஸப்பில் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. "பருக்கையே பருக்கை போட்டாச்சு, இனிமே நமக்கு மிக்சர் உண்டு" என்று யாரோ எழுதியிருந்தார்கள். வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். நானும் ஒன்று போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் போட்டது போட்டதுதான். அவர் எதற்கும் பதில் எழுதவில்லை.

அடுத்த வருடம் அவர் இடம் பிடிக்கவில்லை. கேட்டால், வேலை அதிகம் என்றார். நாங்கள் டாஹோ ஏரிப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் போனோம். ஐந்து விதமான மிக்சர் வந்திருந்தது. கிளம்புகிற அன்று யாரும் வரிசையில் நிற்கவில்லை. அந்த ஆண்டே அவருக்கு டாலஸில் வேலை கிடைத்து முன்னால் போய்விட்டார். மகளின் பள்ளி முடியட்டும் என்று மனைவி மட்டும் இரண்டு மாதம் இருந்தார். சாமான் கட்டுகிற அன்று பெட்டி தூக்கிக் கொடுக்க நான் போயிருந்தேன். டேப் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த சனிக்கிழம காக்கா சோறு எடுத்துச்சுங்களா?"

தூக்கிய பெட்டியைத் திரும்பக் கீழே வைத்தேன்.

"அவரு பாத்துட்டாருங்க. எடுக்கச் சொல்லத்தான் உங்ககிட்ட வந்தாராம். நீங்க அழுதுட்டு நின்னீங்களாம். அப்படியே திரும்பி டென்ட்டுக்கு வந்து உக்காந்துக்கிட்டாரு. 'அப்பா மொகத்தக்கூடப் பாக்காத மனுசன்கிட்ட எப்படிப் போயி எடுன்னு சொல்றது?'ன்னாரு. நீங்க போனப்புறம் அரை மணி நேரம் அங்கயே உக்காந்து பொறுக்கிட்டு வந்தாரு."

"அக்கா..."

"அப்படியும் கொஞ்சம் விட்டுட்டாரு போல. அதாந்தம்பி அவருக்குத் தாங்கல. அந்த வாலண்டியர் ஆபீசுக்கு அவரே லெட்டர் எழுதிட்டாரு. நான் பாத்தும் தடுக்கல, சுத்தமாவும் எடுக்கல, இனிமே வர எனக்குத் தகுதி இல்லைன்னு. அவங்க பரவால்ல வாங்கன்னுதான் சொன்னாங்க. இவருதான் போகல. காலைல நாலரைக்கு இப்பவும் முழிச்சுக்கறாரு. சும்மா உக்காந்திருப்பாரு."

மறுநாளும் அதற்கு மறுநாளும் வைத்தது நான்தான் அக்கா, அவர் எதையும் விடவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். டேப் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துச்சுக்கா" என்று மட்டும் சொன்னேன். "நல்லதாப் போச்சு. அவருகிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவாரு" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

ஐந்து வருடம் கடந்துவிட்டது. கிரீன் கார்டு வந்தது. ஊருக்கு இரண்டு முறை போய்வந்தேன், அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை நேரிலேயே செய்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டாலஸுக்கு வாழ்த்து அனுப்புவேன், அவர் கைகூப்பும் படம் அனுப்புவார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இதை மெசேஜில் சொல்வதா என்று தள்ளிப்போடுவேன். போன மாதம் என் பையன் காலேஜ் நண்பர்களோடு எங்கோ மலைக்குப் போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே "கடிச்சா உதிருமா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டு, அதைத் திரும்ப ஷெல்ஃபில் வைத்தான். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. அன்று மதியம் ஆபீஸ் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன்.

உடனே எடுத்தார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. "சொல்லுங்க, சொல்லுங்க! பையன் எப்படி இருக்கான்? காலேஜ் சேந்துட்டானாமே?"

நலம் விசாரிப்புக்குள் புகுந்தால் மறுபடி நழுவிவிடுவேன் என்று தெரியும். அதனால் நேராகச் சொன்னேன். சனிக்கிழமை மட்டும் இல்லை அண்ணா, ஞாயிறும் வைத்தேன், திங்களும் வைத்தேன், ரேஞ்சர் பார்த்தது திங்கட்கிழமைச் சோறு, அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா சொன்னபோதும் திறக்கவில்லை. சொல்லி முடித்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். ஐந்து வருடமாக அந்தத் திட்டைத்தான் மனதில் விதவிதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அதே கட்டைலயா?" என்றார்.

"அதே கட்டைதான் அண்ணா."

"ஞாயித்துக்கிழமையும், திங்கக்கிழமையுமா?"

"ஆமாண்ணா. என்ன மன்னிச்சிருங்க."

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே, நான் இருப்பதை மறந்துபோய், உள்ளே மனைவியைக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

"ஏம்மா, இங்க வா! சீக்கிரம் வா! அன்னிக்கு நான் எல்லாத்தையும் பொறுக்கித்தான் இருக்கேன். ஒண்ணுகூட விடலயாம்!"